பால் டீச்சர் விழுந்த தொழுவம்

மேடையில் இருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, பெரிய டீச்சர் அம்மா அவர்களே, எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, கடைசி பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மேடை புதிது, மைக் புதிது. மாட்டோடு பேசிப் பழகிய வாய் இது. சத்தம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவளைக் கல்விச் சுடர் என்றீர்கள், ஒளிவிளக்கு என்றீர்கள். தகும். எல்லாம் அவளுக்குத் தகும். உங்கள் பிள்ளைகளுக்கு அவள் பால் டீச்சர். எனக்கு நாத்தனார். என் வீட்டுக்காரர் கூடப்பிறந்த ஒரே தங்கை. நாத்தனார் என்றால் சண்டைதானே என்பீர்கள். சண்டையும் உண்டு. "அண்ணி, உங்களுக்கு மாட்டுகிட்ட இருக்கிற பாசம் எங்கண்ணன்கிட்ட இல்ல" என்பாள். "மாடு சொன்ன பேச்சு கேக்குதுடி" என்பேன். அந்த வாயை இனி எங்கே போய்க் கேட்பேன்?

வெள்ளிக்கிழமை காலை என்றால் சின்ன வகுப்புப் பிள்ளைகளை எங்கள் தொழுவத்துக்குக் கூட்டி வந்துவிடுவாள். முதல் நாள் ஒரு குட்டிப் பெண் மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டி, நீலப் பாக்கெட் மாடு எது? பச்சைப் பாக்கெட் மாடு எது?" நான் சிரித்துவிட்டேன். நாத்தனார் என் இடுப்பில் கிள்ளினாள். "சிரிக்காதீங்க அண்ணி. நாம அதுங்களுக்குப் பாக்கெட்டைத்தானே காட்டியிருக்கோம்?"

தொழுவத்துக்குள் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிள்ளையும் ஓடிப் போய் மாட்டைத் தொடக் கூடாது. "கையை நீட்டு. உள்ளங்கை மேல இருக்கட்டும், விரலை மூடாதே. முதல்ல அது உன்னைத் தெரிஞ்சுக்கட்டும். அப்புறம் நீ தொடு." அப்படித்தான் வரிசையாகக் கையை நீட்டுவார்கள். சுட்டி, நெற்றியில் வெள்ளை விழுந்த எங்கள் மாடு, ஒவ்வொரு கையாக மோந்து பார்க்கும். ஒருவன் மட்டும் மூடிய கையை நீட்டினான். உள்ளே மிட்டாய். சுட்டி விடுமா? முழங்கை வரைக்கும் நக்கித் தீர்த்துவிட்டது. "டீச்சர், மாட்டுக்கு நாக்கா, உப்புத்தாளா?" என்று அவன் அலறினான். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கறவைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அப்புறம் கன்றை அவிழ்த்து விடுவோம். கன்று முட்டிக் குடித்தால்தான் மடியில் பால் இறங்கும். அதை விலக்கிக் கட்டிவிட்டு நான் கறக்க உட்கார்ந்தபோது, நீலப் பாக்கெட் கேட்ட அதே பெண் அழுதுகொண்டே, "அது கன்னுக்குட்டி பால்தானே? நாம திருடுறோமா டீச்சர்?" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. நானாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அவள் மழுப்பினாளா? இல்லை! மண்டிபோட்டு அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்தாள். "கன்னோடதுதான் செல்லம். அதுக்கு ஒரு காம்பை அப்படியே விட்டுடுவோம். மிச்சத்தை மாட்டுகிட்ட நாம வாங்கிக்கிறோம். அதுக்காகத்தான் ஆன்ட்டி புல்லு போடுறாங்க, சாணி அள்ளுறாங்க, அதுக்குக் காய்ச்சல்னா தூங்காம இருக்காங்க."

அன்று சாயங்காலம் சில வீடுகளில் பிள்ளைகள் பாலைத் தொடவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் பெற்றவர்கள் கூட்டம். இங்கேயும் இருக்கிறீர்கள், முகம் தெரிகிறது. "சின்னப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்? பால் கடையில இருந்து வருதுன்னு சொன்னா குடி முழுகிடுமா?" என்று கேட்டீர்கள். அவள் என்ன சொன்னாள்? "கேட்டதுக்குப் பொய் சொன்னா, அடுத்த கேள்வியை அதுங்க நம்மகிட்ட கேக்காதுங்க." இவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரமே அந்தப் பிள்ளைகள் கன்றுக்கு விட்ட காம்பு எது என்று என்னை அதட்டிக் கேட்டுவிட்டு, வீட்டில் போய்ப் பால் குடித்தார்கள்.

இனி, இந்த மேடையில் யாரும் பேசாததைப் பேசப் போகிறேன். பேசவில்லையே தவிர, வாசலில் செருப்புக் கழற்றும்போதே என் காதில் விழுந்தது. "மாடு உதைச்சுத்தான் டீச்சர் செத்துப்போச்சாம்."

நான் அங்கே இருந்தேன். பிள்ளைகள் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம். அவள் சுட்டியின் முதுகில் கை வைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. "அண்ணி, கொஞ்சம் பிடிங்க" என்றாள். நான் எழுந்து பிடிப்பதற்குள் சரிந்துவிட்டாள். தலை மாட்டின் பின்னங்கால்களுக்கு நடுவே. பாத்திரம் உருண்டு சுவரில் மோதியது. பிள்ளைகள் வீறிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு எந்த மாடும் உதைக்கும். சுட்டி காலைத் தூக்கியது. ஆமாம், தூக்கியது! அந்தரத்தில் நின்ற அந்தக் காலைப் பார்த்தபோது எனக்கு உயிர் இல்லை. பிறகு அது காலை எடுத்த இடத்திலேயே வைத்தது. அவளை நான் இழுத்து வெளியே கொண்டுவரும் வரைக்கும் அசையவில்லை. மாட்டுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். கண்டதைச் சொல்கிறேன். இதயம் நின்றதால்தான் விழுந்தார், உடம்பில் ஒரு கீறல் கிடையாது என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

யார் அங்கே முணுமுணுப்பது? வேன் அண்ணனா? அண்ணே, நீங்கள் அப்போது தெருவில், பிள்ளைகளை ஏற்றி வந்த வேனில் இருந்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்காக நீங்களும்தான் அழுதீர்கள். ஆனால் காதில் விழுந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்லாதீர்கள். உட்காருங்கள் அண்ணே.

தாளாளர் ஐயா, இனிமேல் பிள்ளைகள் தொழுவத்துக்குப் போக வேண்டாம், வகுப்பில் மாட்டுப் படம் மாட்டிவிடலாம், பக்கத்தில் டீச்சர் படமும் மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கே பயம். அன்றிலிருந்து சுட்டியிடம் உட்காருமுன் அதன் பின்னங்காலை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, படத்து மாடு கையை மோந்து பார்க்குமா? படத்து மடி சூடாக இருக்குமா?

நேற்று அந்த நீலப் பாக்கெட் பெண், தொழுவத்தின் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று என்னைக் கேட்டாள். "ஆன்ட்டி, டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் பார்த்தேனே, விழுந்தாங்களே. எப்ப வருவாங்க?" தாய்மார்களே, இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? பால் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு நாளும் பொய் சொல்லாதவள் அவள். அவள் எங்கே போனாள் என்பதற்கு நாம் பொய் சொல்லலாமா? அடுத்த கேள்வியை அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

அவள் தொடங்கியதை நான் தொடர்வேன். அவள் அளவுக்கு எனக்குப் பேசத் தெரியாது. கயிறு இருந்த இடத்தில் கட்டைத் தடுப்புப் போடுவேன். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை. பெற்றவர்களும் கூட நில்லுங்கள். டீச்சர் எங்கே என்று கேட்டால், செத்துப்போனாங்கடா கண்ணு, இந்த இடத்துலதான் விழுந்தாங்க, மாடு மிதிக்கலை என்று சொல்வேன். அழுதால் கூட அழுவேன். ஒரு காம்பு கன்றுக்குத்தான், என் கை கறக்கிற காலம் வரைக்கும்.

ஆனால் பிள்ளைகள் தொழுவத்துக்கு வரும் தெருப்பக்கத்துக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. போட்டது பள்ளிக்கூடம் இல்லை. முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, என் வீட்டுக்காரர், அவர். "என் தங்கச்சியைத் தின்ன இடம்" என்று சொல்லிப் பூட்டினார். அன்றிலிருந்து வீட்டில் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஏங்க, உங்களைத்தான். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

பிடுங்க மாட்டேன். இந்த மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கி உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன். உங்கள் தங்கை சொல்லிக்கொடுத்த மாதிரியே கையை நீட்டுகிறேன். உள்ளங்கை மேலே. விரல் மூடாமல்.