மடியில் ஒரு பாட்டில் துருத்தண்ணீர்

"இது குடிக்கற தண்ணி இல்லீங்க. என்ஜின் தண்ணிங்க."

காந்திபுரத்திலிருந்து காங்கேயம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண்மணி பக்கத்துச் சீட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னார். மடியில் இருந்த பாட்டிலில் செம்மண் கரைத்தது போலத் தண்ணீர்.

"அதை எதுக்குங்க சுமந்துட்டுப் போறீங்க?"

"மெக்கானிக்குக்குக் காட்டத்தானுங்க. எங்க பழைய கார் மேடு ஏறினா கொதிக்குதுங்க. அவரு ரேடியேட்டர் தண்ணிய மாத்திப் பாத்துட்டு, இனி வண்டிய வித்துப்போடுங்கன்னாரு. என்ஜின் பக்கவாட்டுல தண்ணிய வடிக்க இன்னொரு சின்னக் குழாய் இருக்குதுங்க. அதை அவரு தொறக்கவே இல்ல. நான் தொறந்தேன், சொட்டு வரல. கம்பிய உட்டு அரை மணி நேரம் குத்துனேன். அப்புறம் கொட்டுச்சு பாருங்க, இந்தத் துரு! நல்லாக் கழுவி, புதுக் கூலன்ட் ஊத்திப்போட்டேன்."

"அப்ப அந்தக் கார்லயே போயிருக்கலாமுங்களே?"

"எங்கூட்டுக்காரரு எடுத்துட்டுப் போயிட்டாருங்க, சென்னிமலைக் கோயிலுக்கு மலைமேல ஏத்திப் பாக்கறதுக்கு. நேத்து வரைக்கும் அவரும் வித்துப்போடலாம்னவருதான்."

அந்தப் பெண்மணியின் போன் அடித்தது. "கொதிச்சுதுங்களா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்துச் சீட்டின் பக்கம் திரும்பினார்.

"கொதிக்கவே இல்லையாம், ரெண்டாவது தடவையும் ஏறிட்டாருங்களாம். இன்னும் சாமியே கும்பிடலையாம்."