எந்தப் பரவாயில்லை?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் கனிந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, பின்வரிசையில் நின்று பேசிக்கொண்டே இருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

பேசுங்கள் தம்பி, பேசுங்கள்! பேச்சைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். பேச்சை நிறுத்தச் சொன்னால் என் பிழைப்பு என்னாவது?

வேற்றுமொழிச் செவிலியருக்குத் தமிழ் பேசக் கற்றுத்தருகிறேன். ஏட்டில் உறங்கும் மொழியை விட்டு, நாவில் நடமாடும் மொழியை, நாளெல்லாம் நாம் நனையும் மொழியை! அதிலே இந்தப் 'பரவாயில்லை' இருக்கிறதே, அப்பப்பா! காலை மிதித்தவருக்கும் பரவாயில்லை. சுமாரான சாப்பாட்டுக்கும் பரவாயில்லை. காபி வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. வேண்டும் என்றாலும் அதே பரவாயில்லைதான்! சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

இத்தனையையும் குரல் மாற்றிச் சொல்லிக்காட்டி, கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன்.

அப்படிக் கேட்டுப் பழகிய என் மாணவி ஒருத்தி, வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்த ஓர் அம்மாவிடம், "வலி எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"பரவாயில்லம்மா."

சற்றுமுன் தொலைபேசியில் மகனிடமும் அதையேதான் சொன்னார் அந்த அம்மா. "அப்ப சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று மகன் வைத்துவிட்டார்.

இவளும் கதவு வரை போய்விட்டாள். ஆனால் அந்தச் சொல்லின் கடைசியில் மூச்சு அறுந்து நின்றதே, அது இவளை விடவில்லை. திரும்பி வந்து, கட்டிலருகே குனிந்து கேட்டாள்:

"அம்மா, நீங்க சொன்னது எந்தப் பரவாயில்ல?"

அவையோரே, நம்மில் ஒருவராவது இப்படிக் கேட்டிருப்போமா? அந்த அம்மா சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், அழுகை வந்துவிட்டது. "தாங்க முடியல கண்ணு. எதுக்கு எல்லாருக்கும் தொந்தரவுன்னுதான்..."

மருத்துவர் ஓடி வந்தார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார். பிழைத்தார் அந்தத் தாய், அவையோரே, பிழைத்தார்!

காத்தது மருந்துதான், மறுக்கவில்லை. அந்த மருந்தை அழைத்து வந்தது எது? பேச்சு! பேச்சுக்குள் பதுங்கிய வலியைப் பிடித்த செவி!

போன வாரம் அந்த மகன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்தேன்.

"டீச்சர், உங்க வகுப்புல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

"என்னங்க இது, உங்களுக்குத் தமிழ் தாய்மொழி ஆச்சே?"

"ஆமா டீச்சர். தாய் பேசுறதுதான் எனக்குப் புரியல."

சேர்த்துக்கொண்டேன். இடம் இன்னும் இருக்கிறது, எவர் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி, இவ்வளவு நேரம் காதையும் மனத்தையும் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!