சனி ஞாயிறு விவசாயி

அவரைக்காய் என்றால் ஒரு வாசனை இருக்க வேண்டும், மேடம். கடையில் வாங்குவதில் அது வருவதே இல்லை. மாலூர் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கியதற்கு அதுதான் முதல் காரணம். நீங்கள் விசாரணைக்காகத் தாலுக்கா ஆபீசிலிருந்து இந்த டிராஃபிக்கில் வைட்ஃபீல்ட் வரை வந்திருக்கிறீர்கள், முதலில் காபியைக் குடியுங்கள். வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கிறவனுக்குச் சனிக்கிழமையாவது காலில் மண் பட வேண்டாமா? தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் வாங்கினேன். பூட்ஸ் போட்டால் காலில் மண் எப்படிப் படும் என்று என் மனைவி நிருபமா கேட்டாள். அவளுக்கு எதிலும் ஒரு கிண்டல்.

நிலத்தை விற்றவர் வெங்கடசாமி. மூன்று போர்வெல் போட்டு, தண்ணீர் வராமல், கடனில் மாட்டிக்கொண்டு விற்றார். விற்ற பிறகு எங்கே போவார்? அங்கேயே பயிர் வைக்கச் சொன்னேன். செலவு அவருடையது, விளைச்சலில் பாதி எனக்கு. எழுத்தில் ஒன்றும் இல்லை. நம்பிக்கை இருக்கிற இடத்தில் காகிதம் எதற்கு? ராகியும் அவரைக்காயும் வந்து இறங்கும். அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் கொடுப்பேன். விவசாயிகள் தினத்தன்று அசோசியேஷனில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வேண்டாமென்றேன், விடவில்லை.

அப்புறம் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. அரசாங்கம் வறட்சி நிவாரணம் அனுப்பியது. பஹணியில், அதாவது நிலப் பதிவேட்டில், யார் பெயரோ அவர் கணக்குக்குத்தான் பணம் வரும். என் பெயர் இருந்தது, எனக்கு வந்தது.

வெங்கடசாமி பஸ் பிடித்து இங்கே வந்தார். "காஞ்சது நான் போட்ட பயிரு, ஸ்வாமி. வெதை, ஒரம் எல்லாம் கடனு. வந்த துட்டுல பாதியாச்சும் குடுங்க" என்றார்.

"யாருக்கு அனுப்பணும்னு கவர்மெண்டுக்குத் தெரியாதா, வெங்கடசாமி?" என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. காபி கொடுத்துத்தான் அனுப்பினேன். அடுத்த வருஷமும் வந்தார், அதே பதிலைச் சொன்னேன். நாளுக்கு ஒரு பேச்சு பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்த மார்ச் மாதம் அவர் தற்கொலை செய்துகொண்டார். எனக்கு மிகவும் வருத்தம். இரண்டு சனிக்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

தற்கொலை செய்துகொண்ட விவசாயியின் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை உண்டல்லவா? அவர் மனைவி முனிரத்னம்மா அதற்கு மனு போட்டாள். நிலம் அவர் பெயரில் இல்லாததால், பயிர் வைத்தவர் அவர்தான் என்று நான் ஒரு வரி எழுதித் தர வேண்டியிருந்தது. ஒரு வரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பயிர் வைத்தவர் அவர் என்றால் நான் யார்? வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கேட்பீர்கள். அபார்ட்மெண்டில் என்ன நினைப்பார்கள்? அதனால், 'வெங்கடசாமி விவசாயி அல்ல, என்னிடம் மாதச் சம்பளத்துக்கு இருந்த வாட்ச்மேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்தால்தான் அவளுடைய மனு தள்ளுபடியானது. சம்பளமென்று அவருக்கு நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. நீங்கள் கேட்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன், அது பொய்.

அவளை நான் நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. கடன்காரர்கள் வீட்டை எடுத்துக்கொண்டதும், நிலத்தில் இருக்கும் கொட்டகையில் தங்கச் சொன்னேன். வாடகைகூடக் கேட்கவில்லை. இந்த வருஷம் அவள்தான் கடன் வாங்கி ராகி விதைத்தாள், விளைச்சலில் வழக்கம்போலப் பாதி என்று பேச்சு. அதுவும் கருகிவிட்டது. நேற்றுதான் நிவாரணத்துக்கு விண்ணப்பம் போட்டேன். உங்கள் நிலத்தில் வேறு யாராவது பயிர் செய்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி. யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். மழை இப்படி வருஷா வருஷம் ஏமாற்றினால், எங்களைப் போன்ற விவசாயிகள் எப்படித்தான் பிழைப்பது, மேடம்?