எட்டு மணி நேரத்துக்கு ஒன்று

மலேசியாவின் செரண்டா ரயில் நிலையத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்:

“நீ கிருமி வளர்க்கிற அந்தக் கண்ணாடிப் போத்தல் மூத்திரம் போகுமா?”

தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள். கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் மகள். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“போகும் அத்தை. உடம்புலேருந்து மருந்து வடியிற மாதிரியே பம்ப் வச்சு வடிய விடுவோம். உள்ள இருக்கிறது உங்களுக்கு வந்திருக்கே, அதே நீர்க்கடுப்புக் கிருமி. மூணு வேளை மருந்தையும் ஒண்ணா ஊத்தினா, வடிஞ்சதும் கிருமி திரும்ப வளருது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி ஊத்தினாதான் சாகுது. நீங்க ஏன் மூணையும் காலையிலயே முழுங்குறீங்க?”

“வேலையில மாத்திரைக்குத் தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும் லா. சூப்பர்வைசர் விடமாட்டான், ஓவர்டைம்னா ராத்திரி வரைக்கும் அங்கதான். அடக்கி அடக்கித்தான் இந்தச் சீக்கே வந்துச்சு.”

ரயில் வந்தது. அவள் எழுந்தாள்.

“உன் போத்தல் எப்பெப்ப போகும்?”

“எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருக்கும்.”

“அப்ப அது பக்கத்துல ஒரு சூப்பர்வைசர நிக்க வச்சுப் பாரு. அப்புறம் வந்து எட்டு மணி நேரக் கணக்கச் சொல்லு.”