வால்கதவு வரை நாற்பத்தாறு காலடி

— பத்தொம்பது, இருவது. பேச்சு குடுக்காதீங்க கனகலிங்கம் சார், எண்ணிக்கை தப்பிரும் லா.

— கன்னையா, நில்லும். உம்மட சீவன் போற விசயம். பின்னால வைக்கிற காலை நிப்பாட்டும்.

— அட என்னா சார், வேக்கம் மெஷின்ல தூசி உறிஞ்சுறவன் பின்பக்கமாத்தான் நடக்கணும். முன்னால நடந்தா கார்ப்பெட்டுல கால் தடம் விழும், சூப்பர்வைசர் கத்துவான். இருவத்தொண்ணு.

— கரண்ட் வெட்டிக் கிடக்குது. யன்னல் எல்லாம் மூடிக் கிடக்குது. உம்மட மெஷின் எப்பிடி ஓடுது?

— ஓடுதே சார், அது போதாதா? இருட்டும் பிரச்சனை இல்ல. முன்கதவுலேர்ந்து வால்கதவு வரைக்கும் நாப்பத்தாறு காலடி. என் காலுக்கே தெரியும். இருவத்தஞ்சு.

— அது நீட்டின பிளேனுக்கு. இது கட்டையான பழசு.

— நீங்கதானே சார் சுபாங் ஏர்போர்ட் கேன்டீன்ல தே தாரிக் குடிச்சுக்கிட்டே சொன்னீங்க? ஒரே செவன்-டூ-செவன்தான். ஆள் கூட்டம் ஏற ஏற, றெக்கைக்கு முன்னால பத்தடி, பின்னால பத்தடி துண்டு சேத்து நீட்டிட்டான். மூஞ்சி அதே, வால் அதே, எஞ்சின் மூணும் அதே.

— ஓம், நான்தான் சொன்னனான். அதுதான் உள்ளுக்க நிண்டா வித்தியாசம் தெரியாது. நீளமானது சிங்கப்பூருக்குப் போயிட்டுது. அந்த இடத்தில இதைக் கொண்டந்து நிப்பாட்டியிருக்கு.

— பிளேன் மாறுனா என்ஜினியர் வந்து எங்ககிட்ட சொல்லணும், அதானே ரூல்? நீங்க மறக்கிற ஆளா? முப்பத்தொண்ணு.

— அதுதான் இண்டைக்கு ஓடி வந்தனான். முப்பத்தாறில கதவு, கன்னையா. திறந்து கிடக்குது. படியைக் கழட்டிப் பழுது பாக்கினம். கீழ வெறும் சீமெந்து.

— பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல என் பொஞ்சாதி இராஜம்மா காத்துக்கிட்டு இருப்பா. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா ஏசுவா சார். முப்பத்தஞ்சு. முப்பத்தாறு.

— கன்னையா.

— முப்பத்தேழு. முப்பத்தெட்டு. என்னா சார், கைய நீட்டிப் புடிக்க வரீங்க?

— பிடிபடேல்லை. கையில ஒண்டுமே படேல்லை.

— நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. பாத்தீங்களா சார், நீளமானதுதான் லா.

— இல்லை, கன்னையா. நான் வால்கதவில நிக்கிறன். உம்மட குரல் வெளியில, மழைக்குள்ள இருந்து வருது. போன வருசம் நீர் இதே முப்பத்தாறில விழுந்துதான் செத்தனீர். அண்டைக்கு வந்து சொல்ல மறந்தது நான்.