டிராக்டர் பேட்டரியில் ஏறிய டியூன்

வேலந்தாவளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பைக்கைச் சரி பண்ண என் ஊட்டுக்காரி டிராக்டரைக் கொண்டாந்து நிறுத்திட்டாளுங்க."

"டிராக்டரா? எதுக்குங்க?"

"வண்டி இன்னும் நல்லா இழுக்கட்டும்னு, லேப்டாப்புல இருந்து பைக்கோட என்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது டியூன், அதானுங்க புது புரோகிராம், ஏத்துனனுங்க. ஒவ்வொரு தடவையும் பாதியிலயே நின்னு போச்சு. கேபிளை மாத்துனேன், லேப்டாப்பையும் மாத்துனேன். கம்ப்யூட்டரே செத்துப்போச்சுன்னு தலையில கை வெச்சு உக்காந்துட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டே பாத்துட்டு இருந்தவ, 'ஏனுங்க, ஏத்தறப்பெல்லாம் ஹெட்லைட்டு மங்குதே, பேட்டரி தாங்கலீங்க'ன்னா. ஹெட்லைட்டு ஒயரைக் கழட்டிப்போட்டு, டிராக்டர் பேட்டரியில இருந்து கரண்டு குடுத்தா. ஒரே மூச்சுல ஏறிருச்சு!"

"கெட்டிக்காரிங்க! வண்டி இப்ப எப்படி ஓடுது?"

அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அதை அவளைத்தான் கேக்கணுமுங்க. சாவியைக் குடுக்க மாட்டேங்கறா. அதான் நான் பஸ்ஸுல வர்றேன்."