மூன்று தண்ணீர் கலந்த ஃபுவென்சாந்தாவுக்கு எங்கள் பொறாமை

லா ஹிகேரா பாசனச் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நீர் கலக்கும் பொறுப்பில் இருந்து இன்று ஓய்வு பெறும் ஃபுவென்சாந்தா கொனேசா அவர்களுக்கு, உடன் பணிபுரிந்த அறுவர் மனமுவந்து படிக்கும் மடல்.

கடலின் உப்பைக் கழற்றிக் கனிக்குக் கொடுத்தவரே, கழிவின் கறையைக் களைந்து கீரைக்குக் கொடுத்தவரே, மழை மறந்த மண்ணில் மறவாமல் மடை திறந்தவரே, வணக்கம்.

இத்தகைய மடலில் முதலில் அன்பைச் சொல்வது வழக்கம். நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்து பேசியபோது முதலில் வந்தது பொறாமை. அதை மறைத்து எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் அப்படியே எழுதுகிறோம்.

கலவைக் குளத்துக்கு மூன்று குழாய்கள் வருகின்றன. தொலைவிலிருந்து வரும் ஆற்று நீர், உப்பு நீக்கிய கடல் நீர், கடற்கரை ஊர்களின் சுத்திகரித்த கழிவு நீர். கடல் நீர் மிகுந்தால் எலுமிச்சை இலையின் நுனி கருகும். கழிவு நீர் மிகுந்தால் உரச்சத்தோடு உப்பும் ஏறும். ஆற்று நீரோ கேட்கும்போது கிடைக்காது. நாங்கள் உப்பு அளக்கும் மானியும் அட்டவணையுமாக அரை மணி நேரம் கணக்கிட்டு ஒரு விகிதத்துக்கு வந்து நிமிர்ந்தால், அதே விகிதம் ஏற்கெனவே உங்கள் கட்டைப் பென்சிலால் சுவரில் எழுதப்பட்டிருக்கும். கோடை விருந்தினர்கள் ஊர் திரும்பியதைக்கூடக் கழிவு நீரின் வாடையை வைத்தே சொல்லிவிடுவீர்கள். மாலை வகுப்பில் நீர் வேதியியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன நாளில் ஆய்வுக்கூடத்துத் தமியான் சொன்னார்: "நீ நாலு வருஷம் படிச்சுப் பட்டம் வாங்கு லிதியா. அந்தம்மா வாசல்ல நின்னு மோந்து பார்த்துட்டுப் போயிடும்."

அந்த லிதியாதான் இதை எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருப்பதால் இந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் கலவைக் குளத்தின் பொறுப்பும் என்னிடம் வருகிறது.

சுத்திகரித்த நீரை இங்கே ஒருவரும் தொடாத காலத்தை நாங்கள் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறோம். நம் கலவை நிலையத்தின் முற்றத்திலேயே அந்த நீரில் லெட்டூஸ் கீரை வளர்த்து, பத்து மணிச் சிற்றுண்டிக்கு விவசாயிகள் கூடும் மதுக்கடைக்கு ஒரு தட்டு நிறையக் கொண்டுபோனீர்கள். எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவி, எல்லோரும் பார்க்கத் தின்றீர்கள். இது யார் வீட்டுக் கக்கூஸ் என்று அங்கிருந்த விவசாயி ஹினெஸ் கேட்டாராம். "உன் வீட்டுதுதான் ஹினெஸ். அதான் இவ்வளவு செழிப்பு," என்றீர்களாம். அந்த வாரமே அவர் தம் வயலுக்குக் குழாய் இழுத்தார். எங்கள் ஆய்வறிக்கைகள் எத்தனையோ முத்திரைகளோடு போகின்றன. அவற்றைப் படித்து ஒருவரும் குழாய் இழுத்ததில்லை.

இனி எழுதப்போகிற பத்தியை விட்டுவிடலாம் என்று சக ஊழியர்கள் சொன்னார்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிற மடலில் இது வேண்டுமா என்றார்கள். சுவரில் இருக்கப்போவதாலேயே இருக்கட்டும் என்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர்ப் புயலில், கடற்கரை ஊர்களின் சாக்கடைக் குழாய்களுக்குள் கடல் புகுந்தது. சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. அன்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கழிவு நீரில் உப்பு இருமடங்காக இருப்பதை அளந்தேன். மானி பழுதென்று நினைத்தேன். மூன்று முறை சரிபார்த்து அளந்தேன். மூன்று முறையும் அதே எண். பதிவேட்டில் எழுதினேன். சுவரில் மறுநாளுக்கான உங்கள் விகிதம் வழக்கம்போல் இருந்தது. உங்களை ஒருமுறை தொலைபேசியில் அழைத்திருந்தால் போதும். அழைக்காமல் வகுப்புக்குப் போனேன். என் அளவின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது உண்மை. ஒருமுறையாவது நீங்கள் தவற வேண்டும் என்று ஆசைப்பட்டதும் உண்மை. எது எவ்வளவு என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

காலையில் நான் வந்து சொல்வதற்குள் மடை திறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மூடினீர்கள். அன்றைய முதல் தண்ணீர் போனது ஹினெஸின் வயலுக்கு. முந்தின நாள்தான் நட்ட லெட்டூஸ் நாற்றுகள். தொலைபேசியை எடுத்து, ஒரு சாக்கும் சொல்லாமல் பேசினீர்கள்.

"ஹினெஸ், நான் தப்பு பண்ணிட்டேன். உப்புத் தண்ணி வந்துட்டு இருக்கு. சொட்டுக் குழாயை மூடு, நான் வர்றேன்."

பிறகு பதிவேட்டைப் புரட்டினீர்கள். ஐந்து பத்து என்று என் கையெழுத்தில் இருந்த இடத்தில் உங்கள் விரல் நின்றது. பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கிளம்பிப் போனீர்கள். நான்கு வரிசை கருகியது. மீதியை ஆற்று நீர் விட்டு அலசிக் காப்பாற்றினீர்கள். சங்கக் கூட்டத்தில், கலந்தது நான், பார்க்காமல் விட்டதும் நான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள். இனிமேல் தன் வீட்டுக்காரி உங்களை உதாரணம் காட்டித் தன்னைத் திட்ட முடியாது என்று ஹினெஸ் சொல்ல, கூட்டமே சிரித்தது. அதன்பிறகு அவர் உங்களை முன்னிலும் அதிகமாக நம்பினார். சரியாக அளந்த நான் பின்வரிசையில் சிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மூக்கின் மேலும் பென்சிலின் மேலும் இருந்த பொறாமை எனக்கு அன்றோடு தீர்ந்தது. நான் செய்தேன் என்று அவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறதே, அதன் மேல் வந்த பொறாமை தீரவில்லை.

ஃபுவென்சாந்தா அவர்களே, கலவைக்குக் கவலைப்படாத காலைகள் உங்களுக்கு அமையட்டும். முழங்கால் வலி விலகட்டும். உங்கள் வீட்டு முற்றத்து எலுமிச்சைக்கு எந்தத் தண்ணீர் வேண்டுமானாலும் ஊற்றுங்கள். நாங்கள் அளக்க வரமாட்டோம். நலத்தோடும் நகைப்போடும் நெடுங்காலம் இருங்கள்.

ஹினெஸ் ஐயா, நீங்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்த நான்கு வரிசையும் நான் வாய் திறக்காததால் கருகியவை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் நான் கலந்தது. குழாயைத் திறப்பதும் மூடி வைப்பதும் உங்கள் விருப்பம்.

பொறாமையோடும் நன்றியோடும்,
லா ஹிகேரா பாசனச் சங்க ஊழியர்கள் அறுவர்
எழுதியவள்: லிதியா